பனி பெய்யாத குளிர்காலம்

(வளர்கல்வி மையங்களின் மாலைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க ஏற்ற பேச்சு)



விவசாயிக்கு மழை வேண்டும். உப்பளத் தொழிலாளிக்கு வெயில் வேண்டும். மீனவருக்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். மழை பொய்த்தால் விவசாயி என்ன ஆவார் என்று நாடே பேசுகிறது.

வானத்தை நம்பி வாழும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. குதிரை ஓட்டுபவர், படகு வலிப்பவர், சுமை தூக்குபவர், வழிகாட்டி, ஜீப் ஓட்டுநர், டீக்கடைக்காரர், விடுதியில் சமைப்பவர், பாத்திரம் கழுவுபவர். இவர்கள் எல்லாரும் சுற்றுலா ஊர்களில் உழைப்பவர்கள். இவர்களுக்கும் வானம்தான் படி அளக்கிறது. அந்த வானத்தின் போக்கு இப்போது மாறிவருகிறது.

சுற்றுலா வந்தவர் ஊர் திரும்பிவிடுவார். உள்ளூர்க்காரர் எங்கே போவார்? இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

தொட்டபெட்டா உயரத்தில் ஒரு புல்வெளி

காஷ்மீரில் குல்மார்க் என்று ஓர் ஊர். பாராமுல்லா மாவட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். நம் நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா சிகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் குல்மார்க் வெகு வடக்கே இருப்பதால் அங்கே குளிர் மிக அதிகம்.

கோடையில் அது பச்சைப் புல்வெளி. குளிர்காலத்தில் வெள்ளைப் புல்வெளி.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காஷ்மீரில் பெய்வது வேறு பனி. பஞ்சுபோல வானத்திலிருந்து உதிரும். முழங்கால் உயரம், சில நாள் ஆள் உயரம்கூடக் குவியும். அதை வெண்பனி என்று சொல்லலாம்.

நமக்குக் கத்திரி வெயில் இருக்கிறது அல்லவா? இத்தனை நாள் என்று அதற்குக் கணக்கு உண்டு. அதைப்போலக் காஷ்மீர் மக்கள் குளிருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21ஆம் தேதி தொடங்கி 40 நாள் கடுங்குளிர். அதற்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அடுத்த 20 நாள் 'சில்லை குர்த்'. அதன்பின் 10 நாள் 'சில்லை பச்சா', அதாவது குட்டிக் குளிர். இந்த 70 நாள்தான் பனிக்காலம். அதிலும் முதல் 40 நாளில் பெய்யும் பனிதான் கெட்டியாகி மலையில் தங்கும். பின்னால் பெய்வது சீக்கிரம் கரைந்துவிடும்.

அந்த நாட்களில் ஆணும் பெண்ணும் 'பெரன்' என்ற நீண்ட தளர்ந்த அங்கி அணிவார்கள். அங்கிக்குள் 'காங்கிரி' வைத்துக்கொள்வார்கள். பிரம்புக் கூடைக்குள் ஒரு மண்சட்டி, சட்டிக்குள் கரித்தணல். அதுதான் காங்கிரி.

பனியால் எரியும் அடுப்புகள்

குல்மார்க்குக்குப் பனியைப் பார்க்கவும் பனியில் சறுக்கவும் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெளிநாட்டினரும் வருகிறார்கள். பழனி மலைக்குப் போவோர் ரோப் காரைப் பார்த்திருப்பார்கள். அதுபோன்ற கயிற்றுக் கார் அங்கேயும் இருக்கிறது. அதன் முதல் பகுதி 1998இலும் இரண்டாம் பகுதி 2005இலும் ஓடத் தொடங்கின. அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்துக்கு அது ஆளை ஏற்றிச் செல்லும்.

பனி பெய்தால் யாருக்கெல்லாம் வேலை? எண்ணிப் பாருங்கள்.

மலையடிவாரத்தில் தங்மார்க் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே பயணிகள் வாடகைக்குப் பனிக் காலணியும் கோட்டும் எடுக்கிறார்கள். கடைக்காரருக்குப் பிழைப்பு. சாலையில் பனி மூடிவிட்டால், சக்கரத்தில் இரும்புச் சங்கிலி மாட்டிய வண்டிதான் மேலே ஏற முடியும். அந்த ஓட்டுநருக்குப் பிழைப்பு. மேலே போனால் மட்டக்குதிரைக்காரர்கள் நிற்பார்கள். பனியில் சறுக்கக் கற்றுத் தரும் ஆசான்கள் இருப்பார்கள். சூடாகத் தேநீர் விற்பவர், மக்காச்சோளம் சுட்டு விற்பவர், படம் பிடிப்பவர் எல்லாரும் இருப்பார்கள்.

இன்னொருவரும் இருக்கிறார். அவர் சறுக்குவண்டிக்காரர். சறுக்குவண்டி என்பது சக்கரம் இல்லாத மர வண்டி. பயணியை அதில் உட்கார வைப்பார். கயிற்றைத் தோளில் போட்டுப் பனிமேல் இழுத்துப் போவார். மேட்டில் மூச்சு வாங்க இழுப்பார். பள்ளத்தில் தானும் தொற்றிக்கொண்டு சறுக்குவார்.

அப்படி ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவரைப்போல் அங்கே பலர் இருக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர். நிலம் கொஞ்சம்தான், அல்லது இல்லவே இல்லை. கோடையில் கிடைத்த கூலி வேலை செய்வார். குளிர்காலத்தில் சறுக்குவண்டி. அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் கடை பாக்கி தீரும். பிள்ளையின் பள்ளிச் செலவு நடக்கும். வீட்டுக் கூரை சரியாகும்.

அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை, மாதச் சம்பளம் இல்லை. பனி பெய்தால் கூலி. இல்லாவிட்டால் இல்லை.

புல்வெளி பழுப்பாகக் கிடந்தது

2023 டிசம்பர் வந்தது. சில்லை கலான் தொடங்கியது. ஆனால் பனி சரியாகப் பெய்யவில்லை. 2024 ஜனவரி பிறந்தது. பெய்யவில்லை. பொங்கல் சமயமும் வந்துபோனது. குல்மார்க் புல்வெளி வெள்ளையாக இல்லை. காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. அதே மாதத்தில் முந்தைய ஆண்டுகளில் எடுத்த படங்களையும் அந்த ஆண்டுப் படங்களையும் பத்திரிகைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. இரண்டும் ஒரே இடம் என்று நம்புவது கடினம்.

நம் ஊரில் மழை வேண்டி வழிபாடு நடத்துவது வழக்கம். அந்த ஜனவரியில் காஷ்மீரில் மழையும் பனியும் வேண்டிச் சிறப்புத் தொழுகைகள் நடந்தன.

நம் சறுக்குவண்டிக்காரர் காலையில் வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆம், தூக்கிக்கொண்டுதான். பனி இல்லாத தரையில் அதை இழுக்க முடியாது. யாராவது வந்தால் என்ன செய்வது என்று ஓர் ஓரத்தில் உட்காருவார். வந்த சில பயணிகளும் ஏமாற்றத்தோடு நிற்பார்கள். "பனி எங்கே?" என்று கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்வார்? அதே கேள்வியைத்தான் அவரும் வானத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

மட்டக்குதிரைக்காரர் நிலை இன்னும் மோசம். வண்டிக்குத் தீனி வேண்டாம். குதிரைக்கு வேண்டும். பயணி வராத நாளிலும் குதிரைக்குப் பசிக்கும். புல்லும் தானியமும் கடனுக்கு வாங்க வேண்டும். கடன் ஏறினால் குதிரையை விற்க வேண்டும். குதிரையை விற்றால் அடுத்த ஆண்டு பனி பெய்தாலும் பயன் இல்லை.

ஜனவரி இறுதியில்தான் பனி வந்தது. அதற்குள் நாற்பது நாள் கணக்கு முடியப்போகிறது. பிப்ரவரியில் நன்றாகப் பெய்தது. விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. ஆனால் பிப்ரவரி 22ஆம் தேதி மலைச்சரிவில் பனி சரிந்து விழுந்தது. ரஷ்ய நாட்டுப் பயணி ஒருவர் இறந்தார். பனிமலையில் பயணியை அழைத்துச் செல்லும் வழிகாட்டியின் உயிருக்கும் அதே ஆபத்துதான்.

அது ஓர் ஆண்டோடு போகவில்லை. 2025இல் குல்மார்க்கில் தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி 22ஆம் தேதி தொடங்க இருந்தன. போதிய பனி இல்லை என்று தள்ளிவைத்தார்கள். மார்ச் 9 முதல் 12 வரைதான் நடத்த முடிந்தது. அதே பிப்ரவரியில் தெற்குக் காஷ்மீரில் உள்ள அச்சபல் ஊற்று வறண்டது. மொகலாயர் காலத் தோட்டம் ஒன்றுக்கு அந்த ஊற்றுதான் உயிர். தோட்டத்தைப் பார்க்கப் பயணிகள் வருவார்கள். ஊற்று நீரைக் குடிக்கும் கிராமங்களும் சுற்றிலும் இருக்கின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வெண்பனி வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. அது மலைமேல் கட்டிய ஏரி. குளிர்காலத்தில் சேர்ந்து, கோடையில் மெல்ல உருகி, ஓடைக்கும் வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் நீர் தரும். பனி பொய்த்தால் சுற்றுலா வேலையும் போகும். அதை விட்டு விவசாய வேலைக்குப் போகலாம் என்றால் அங்கேயும் தண்ணீர் குறையும். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் அடி.

ஏன் இப்படி நடக்கிறது?

காஷ்மீருக்குக் குளிர்காலப் பனி மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்று மண்டலங்கள் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து இமயமலையில் வந்து மோதுகின்றன. அவை கொண்டுவரும் ஈரம் குளிரில் பனியாகப் பெய்கிறது. அந்தக் காற்று வராவிட்டால் பனி இல்லை. காற்று வந்தும் குளிர் போதாவிட்டால் பனிக்குப் பதில் மழை.

பனி இல்லாத குளிர்காலம் முன்பும் வந்தது உண்டு. ஓர் ஆண்டை மட்டும் காட்டி எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லக் கூடாது. ஆனால் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரிகிறது. பூமி சூடாகி வருகிறது. இமயமலைப் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. உலகில் வெப்பத்தை அளந்து எழுதத் தொடங்கிய பிறகு மிகவும் சூடான ஆண்டு 2024. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அந்த ஆண்டு உலகின் சராசரி வெப்பம் சுமார் ஒன்றரை டிகிரி அதிகம்.

ஒன்றரை டிகிரி சிறியதாகத் தோன்றும். உடம்புக்கு ஒன்றரை டிகிரி கூடினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம் அல்லவா? பூமிக்கும் அப்படித்தான்.

காரணம் என்ன? நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிக்கிறோம். அதில் கரியமில வாயு வெளியாகிறது. அது பூமியைச் சுற்றிப் போர்வைபோல நின்று வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. போர்வை தடித்துக்கொண்டே போகிறது.

சுற்றுலாவும் இதில் பங்கு உள்ள தொழில்தான். விமானம், கார், குளிர்சாதன விடுதி எல்லாம் சேர்ந்து, உலகம் வெளிவிடும் இத்தகைய வாயுக்களில் நூற்றுக்கு எட்டுப் பங்கு சுற்றுலாவால் வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சறுக்குவண்டியில் பெட்ரோல் இல்லை. இழுப்பவரின் மூச்சுதான் அதற்கு எரிபொருள். புகை விடாதவருக்குத்தான் முதல் அடி விழுகிறது. இது நியாயமா?

பனி குறையும், மழை கொட்டும்

பூமி சூடானால் பனிதானே குறையும், வெள்ளம் எப்படி வரும் என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 சதவீதம் ஈரம் கூடும். ஆகவே பெய்யாத நாள் கூடுகிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. காஷ்மீரின் சறுக்குவண்டிக்காரர் பனி இல்லாமல் தவிக்கிறார். வேறு மலைகளில் அவருடைய தோழர்கள் மழையில் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

உத்தரகாண்டில் கேதார்நாத் கோயில் இருக்கிறது. கடைசி மலைப்பாதையில் வண்டி போகாது. நடக்க முடியாதவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிச் செல்வார்கள். முதுகில் கட்டிய கூடையில் ஒருவரே ஆளைச் சுமப்பதற்குக் 'கண்டி' என்று பெயர். நான்கு பேர் பல்லக்குபோலத் தூக்கினால் 'டண்டி'. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் அங்கே பெருமழை. மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்தது. இறந்தவரும் காணாமல் போனவருமாக 5,000க்கும் மேற்பட்டோர். யாத்திரிகர்களைப் பற்றி நாடே அழுதது. அவர்களோடு போன சுமைகாரர்களும் கழுதைக்காரர்களும் கடைப் பையன்களும் உண்டு. தேவ்லி பனிகிராம் என்ற கிராமப் பகுதியில் மட்டும் 50க்கும் மேற்பட்ட ஆண்கள் திரும்பவில்லை. விதவைகளின் ஊர் என்று பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின.

2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி, அதே மாநிலத்தில் கங்கோத்ரி போகும் வழியில் உள்ள தராலி என்ற ஊரில் சேறும் பாறையும் கலந்த வெள்ளம் பாய்ந்தது. விடுதிகள் சில நொடிகளில் மறைந்தன.

கேரளத்தில் வயநாடு. 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் மலை சரிந்தது. இறந்தவரும் காணாமல் போனவருமாக ஏறத்தாழ 300 பேர். அன்றைய மழையின் கனத்தைப் பூமி சூடானது சுமார் 10 சதவீதம் கூட்டியது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். சரிந்த இடம் மாவட்டத்தின் ஒரு மூலை. ஆனால் பயந்துபோன பயணிகள் மாவட்டம் முழுவதற்கும் வருவதை நிறுத்தினார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஜீப் ஓட்டுநருக்கும் சவாரி இல்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடக் கூடாது. ஆற்றின் வழியில் விடுதி கட்டியவர் யார்? மலைச்சரிவை வெட்டியவர் யார்? அனுமதி கொடுத்தவர் யார்? மழை கூடியது ஒரு காரணம். மனிதரின் பேராசை இன்னொரு காரணம்.

சுற்றுலா ஊர்களுக்கு வேறு துன்பங்களும் உண்டு. 2025 ஏப்ரல் 22ஆம் தேதி காஷ்மீரில் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். பயணிகளோடு உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அதில் உயிரிழந்தார். அதன்பின் பல மாதம் காஷ்மீரில் கூட்டம் இல்லை. முந்தின குளிர்காலத்தில் பனி இல்லாமல் கடன் வாங்கியவர், கோடையிலும் கடன் வாங்க வேண்டி வந்தது. பருவம் கெடும்போது கையில் இருக்கும் சேமிப்பும் போய்விடுகிறது. அடுத்த துன்பத்தைத் தாங்கப் பலம் இருப்பதில்லை.

கணக்கில் வராத இழப்பு

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சறுக்குவண்டிக்காரர் நல்ல நாளில் 500 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்லும் தொகை. 40 நாள் பனி இல்லை. 500 × 40 = 20,000 ரூபாய். இது அவர் இழந்தது. இந்த 20,000 எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது?

விடுதி அறை காலியானால் அதற்குக் கணக்கு இருக்கிறது. கயிற்றுக் கார்ச் சீட்டு விற்காவிட்டால் அதற்கும் கணக்கு இருக்கிறது. வீடு இடிந்தால் அதிகாரி வந்து பார்த்து எழுதுகிறார். பயிர் கருகினால் அதற்குக் காப்பீடு இருக்கிறது. ஆனால் வராத பயணியிடம் வாங்காத கூலிக்கு ரசீது ஏது? ரசீது இல்லாததால் இழப்பே இல்லை என்று ஆகிவிடுகிறது.

பெண்களின் இழப்பு இதிலும் மறைந்திருக்கிறது. வீட்டில் ஓர் அறையைப் பயணிக்குக் கொடுத்துச் சமைத்துப் போடுபவர், கம்பளிச் சால்வையில் பூவேலை செய்பவர், விடுதித் துணி துவைப்பவர். இவர்கள் புல்வெளியில் நிற்பதில்லை. ஆகவே படத்தில்கூட வருவதில்லை.

என்ன செய்யலாம்?

பனியை யாராலும் பெய்ய வைக்க முடியாது. பூமிப் போர்வையை மெலிய வைப்பது நாடுகளின் கடமை. அதிகம் புகை விட்ட நாடுகள் முதலில் செய்ய வேண்டும். ஆனால் தொழிலாளர்களும் கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை.

முதலாவது, பதிவு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் 'இ-ஷ்ரம்' என்ற பதிவேட்டைத் தொடங்கியது. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் ஆதார் எண்ணைக் கொண்டு பதியலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. குதிரைக்காரரும் சுமைகாரரும் இதில் சேரலாம். பெயர் எழுதப்பட்டால்தான் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியும்.

இரண்டாவது, காப்பீடு. வங்கிக் கணக்கு இருந்தால் 'பிரதம மந்திரி சுரக்ஷா பீமா' திட்டத்தில் சேரலாம். 18 முதல் 70 வயது வரை. ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். மலைப்பாதையில் வேலை செய்பவருக்கு இது அவசியம். ஆனால் இது விபத்துக்கு மட்டும்தான். பனி பெய்யாமல் போன கூலிக்கு இதில் எதுவும் கிடைக்காது.

அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. அகமதாபாத்தில் 1972இல் இலா பட் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கம் 'சேவா'. அதன் உறுப்பினர்கள் வெயிலில் வேலை செய்யும் ஏழைப் பெண்கள். கடும் வெயில் நாளில் வேலைக்குப் போனால் உடம்பு கெடும். போகாவிட்டால் கூலி போகும். சங்கம் அவர்களுக்காக ஒரு வெப்பக் காப்பீட்டை ஏற்பாடு செய்தது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். யாரும் மனுவோடு அலைய வேண்டாம். வெப்பமானியே சாட்சி. 2024இல் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரா மாநிலங்களில் ஏறத்தாழ 50,000 பெண்கள் இதில் இருந்தார்கள். கிடைத்த தொகை பெரிதல்ல. ஆனால் வழி புதியது.

வெயிலுக்கு இப்படிச் செய்ய முடியுமானால், பனிக்கு ஏன் முடியாது? இத்தனை நாள் பனி பெய்யவில்லை என்றால் சறுக்குவண்டிக்காரருக்கும் குதிரைக்காரருக்கும் இவ்வளவு பணம் என்று ஏன் வைக்கக் கூடாது? பயணி வாங்கும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கலாம். பனியைப் பார்த்து மகிழ்பவர், பனியால் வாழ்பவரின் பங்கைக் கொடுக்கட்டும். தனி ஆள் கேட்டால் இது நடக்காது. சங்கமாகக் கேட்டால் நடக்கலாம்.

மூன்றாவது, ஒரே பருவத்தை நம்பாமல் இருப்பது. குல்மார்க்குக் கோடையிலும் அழகுதான். மலர்கள், மேய்ச்சல் வெளிகள், காட்டு நடை, கைவினை, உள்ளூர்ச் சாப்பாடு என்று காட்ட எவ்வளவோ இருக்கிறது. அதற்குப் பயிற்சியும் சிறு கடனும் வேண்டும்.

நான்காவது, எச்சரிக்கையைப் படிப்பது. வானிலைத் துறை நான்கு நிறத்தில் அறிவிப்புக் கொடுக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. பயணி அவசரப்படுவார். "காசு தருகிறேன், மேலே கூட்டிப் போ" என்பார். சிவப்பு நாளில் "மாட்டேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு வயிறு இடம் கொடுக்க வேண்டும். அதனால்தான் எச்சரிக்கையும் காப்பீடும் ஒன்றாக வர வேண்டும்.

எழுத்து எங்கே உதவும்?

குல்மார்க் சறுக்குவண்டிக்காரர் கதையில் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெரிய வேலை இருக்கிறது.

கைப்பேசியில் சிவப்பு எச்சரிக்கை வருகிறது. எழுத்துத் தெரிந்தவர் உடனே அறிவார். தெரியாதவர் இன்னொருவரைத் தேட வேண்டும். மலையில் அந்தப் பத்து நிமிடம் பெரிது. குதிரைத் தீனிக்குக் கடன் வாங்கும்போது தாளில் வட்டி எழுதியிருக்கிறது. கைநாட்டு வைப்பவருக்கு அது தெரியாது. படித்து நிதானமாகக் கையெழுத்துப் போடுபவருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. இன்று எத்தனை சவாரி, எவ்வளவு வருமானம், பனி பெய்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதலாம். ஐந்து ஆண்டு எழுதினால் அது சாட்சி. நூறு பேர் எழுதினால் அது கோரிக்கை மனு. ரசீது இல்லாத இழப்புக்கு அந்த நோட்டுதான் ரசீது.

இது காஷ்மீருக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. மழையால் வேலை போகும் கொத்தனாருக்கும், வெயிலால் வேலை போகும் தள்ளுவண்டிக்காரருக்கும், கடல் சீற்றத்தால் கரையில் நிற்கும் படகோட்டிக்கும் இதே பாடம்தான்.

அடுத்த டிசம்பர் 21ஆம் தேதி சில்லை கலான் மறுபடி தொடங்கும். குல்மார்க் சறுக்குவண்டிக்காரர் மறுபடி வானத்தைப் பார்ப்பார். பனி பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். பெய்யாத ஆண்டிலும் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அவருடைய குதிரைக்காரத் தோழர் குதிரையை விற்காமல் இருக்க வேண்டும். அதற்கு வழி செய்வது வானத்தின் வேலை அல்ல. மனிதரின் வேலை.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வானத்தை நம்பி வாழும் தொழில்கள் எவை? பட்டியல் எழுதுங்கள்.

2. சென்ற ஆண்டு மழையாலோ வெயிலாலோ உங்களுக்கு எத்தனை நாள் வேலை போனது? ஒரு நாள் கூலியால் பெருக்கிப் பாருங்கள்.

3. வெப்பமானியே சாட்சி என்றால் என்ன பொருள்?

4. பயணி கூடுதல் காசு தருகிறார். ஆனால் அன்று சிவப்பு எச்சரிக்கை. குதிரைக்காரர் என்ன செய்ய வேண்டும்? ஏன்?

5. இன்றே ஒரு நோட்டில் முதல் வரியை எழுதுங்கள். தேதி, வேலை, வருமானம், வானிலை.